ரேகை என்னோடதுதான்

ஜன்னலோரம் நீங்களே உக்காந்துக்குங்க, அம்மணி. எனக்கு இந்தப் பக்கமே சௌகரியம். யாரு ஏறறாங்க, யாரு எறங்கறாங்கன்னு பார்த்துக்கிட்டே வரலாம். டவுனு போய்ச் சேர இன்னும் ஒண்ணரை மணி நேரம் ஆகுமுங்க. நடுவுல யானை நின்னுதுன்னா அதுக்கு மேலயும் ஆகும்.

நீங்க என்ன வேலைங்க? பாரஸ்ட் ஆபீசுங்களா? இல்லீங்களா. பள்ளிக்கூடத்துலயா? அதுவும் இல்லையா. ஆஸ்பத்திரியில நர்சா. நர்சுன்னா பரவால்லைங்க. ஊசி வலிக்கும்னு முன்னாடியே சொல்லிட்டுத்தான் போடுவீங்க. அந்தக் கையில இருக்கற நோட்டை மட்டும் பைக்குள்ள வெச்சுருங்க. தப்பா நெனைக்காதீங்க. யாராவது நோட்டைத் தெறந்து வெச்சுக்கிட்டுப் பக்கத்துல உக்காந்தா எனக்கு வாய் வராது.

எம்பேரு நஞ்சி. மேல கல்லக்கரைப் பதிதான் நமக்கு. பதின்னா எங்க இருளரு ஊருங்க. மொத்தம் இருபத்திரெண்டு ஊடு. எனக்கு ஒரே மக, சங்கவின்னு பேரு. நாலாவது படிக்கறா. இப்ப கீழ ஆஸ்டல்ல இருக்கா. ஞாயித்துக்கெழமை ஞாயித்துக்கெழமை போய்ப் பார்த்துட்டு வருவேன். மாசத்துக்கு ஒருக்காத்தான் உள்ள விடுவாங்க. மத்த வாரமெல்லாம் வேலிக்கு இந்தப் பக்கம் நின்னு பார்ப்பேன். இல்லீங்க, இன்னிக்குச் செவ்வாய்க்கெழமைதான். இன்னிக்கு அவளைப் பார்க்கப் போகலை. வேற ஒரு சோலி. அதைச் சொல்லணும்னா முதல்ல மங்கை டீச்சரைப் பத்திச் சொல்லணும்.

எங்க பதியிலயே பள்ளிக்கூடம் இருந்துச்சுங்க. ஒரே ரூம்பு, ஒரே வாத்தியாரு, பத்தொம்பது கொழந்தைக. முன்னாடி இருந்த வாத்தியாரு பத்தரைக்கு வருவாரு, மூணு மணி பஸ்ஸுக்குப் போயிடுவாரு. நாலு வருசத்துல ஒரு நாளாவது பதிக்குள்ள காலெடுத்து வெச்சதில்லை. நாங்களும் பள்ளிக்கூடத்து வேலியத் தாண்டுனதில்லை. அவரு யாரோ, நாங்க யாரோ. அதுல ஒரு தெளிவு இருந்துச்சு பாருங்க.

போன ஜூன்ல அவரு மாறிப் போயி மங்கை டீச்சரு வந்தாங்க. முழுப்பேரு மங்கையர்க்கரசி. பரமக்குடிப் பக்கம். முப்பது வயசு இருக்கும், கல்யாணம் ஆகலை. அத்தனை தூரத்துல இருந்து ஒருத்தி, தனியா, யானை நடமாடற எடத்துக்கு வந்து வேலை பார்க்கறான்னா ஒரு காரணம் இருக்கணுமா இல்லையா, நீங்களே சொல்லுங்க. வந்த மூணாம் நாளே ஊடு ஊடா ஏற ஆரம்பிச்சுட்டாங்க. பாய் போடறதுக்குள்ள தரையில உக்காந்துடுவாங்க. கொடுக்கற வறக்காப்பியக் குடிப்பாங்க. அப்பறம் பையில இருந்து ஒரு நோட்டை எடுப்பாங்க. ஊட்டுல எத்தனை பேரு, கொழந்தை என்ன சாப்புடும், யாருகூட வெளையாடும், மழை வந்தா ஓடையத் தாண்ட முடியுமா, அய்யன் எங்க வேலைக்குப் போறாரு. எல்லாத்தையும் கேட்டுக் கேட்டு எழுதிக்குவாங்க.

எனக்கு அது புடிக்கலைங்க. ஏன்னு கேளுங்க. எங்கய்யன் காலத்துல நாங்க கல்லக்கரையில இல்லை. அதுக்கும் மேல, ரெண்டு மலை தாண்டி இருந்தோம். ஒரு நாள் ரெண்டு பேரு நோட்டோட வந்தாங்க. சிரிச்சுப் பேசுனாங்க. ஊட்டுக்கு எத்தனை பேரு, எத்தனை ஆடுன்னு எழுதுனாங்க. எங்கம்மா அவங்களுக்குத் தேன் ஊத்திக் கொடுத்தா. அடுத்த வருசம் அதே நோட்டைப் பார்த்துப் பேரு பேரா வாசிச்சு ஒவ்வொரு ஊடா எறக்கி விட்டாங்க. அன்னையில இருந்து நோட்டோட சிரிச்சுக்கிட்டு யாரு வந்தாலும் நான் முதல்ல அவங்க கையத்தான் பார்ப்பேன், மொகத்தைப் பார்க்க மாட்டேன்.

பள்ளிக்கூடத்தைப் பத்தியும் எனக்குத் தெரியாம இல்லை. ஏழு வயசுல என்னைக் கீழ ஆஸ்டல்ல சேர்த்தாங்க. போன அன்னிக்கே மொட்டை போட்டாங்க. நஞ்சின்னா நஞ்சாம், வெசமாம். அந்தப் பேரு ஆகாதுன்னு நந்தினின்னு எழுதிக்கிட்டாங்க. நந்தினின்னு கூப்பிடறப்ப நான் திரும்பிப் பார்க்கலைன்னு அடிப்பாங்க. எங்க பேச்சுப் பேசுனா சாக்பீசை வாயில கவ்விக்கிட்டு மணி அடிக்கற வரைக்கும் நிக்கணும். எங்கம்மா பார்க்க வந்தா வாசக் கேட்டு வரைக்கும்தான் விடுவாங்க. ரெண்டாவது வருசம் ஓடி வந்துட்டேன். எழுத்துல 'ட'வும் 'ப'வும் மட்டும் நெனைப்பிருக்கு. ரெண்டும் கட்டம் கட்டமா இருக்கறதால நின்னுபோச்சு.

இப்ப மங்கை டீச்சரு என்ன பண்ணாங்க தெரியுங்களா? வெள்ளிக்கெழமை வெள்ளிக்கெழமை பெத்தவங்க யாராவது ஒருத்தரு வகுப்புக்கு வந்து, கொழந்தைகளுக்கு எதையாவது எங்க பேச்சுலயே சொல்லித் தரணும்னாங்க. அவங்களும் கொழந்தைகளோட கீழ உக்காந்து கேப்பாங்களாம். பக்கத்தூட்டு பொம்மன் முதல்ல போனான். யானைத் தடத்தைப் பார்த்து, போயி எத்தனை நேரமாச்சுன்னு கண்டுபுடிக்கறதைச் சொல்லிட்டு வந்தான். மொகமெல்லாம் பல்லு. அடுத்த வாரம் அவன் பொண்டாட்டி ராமி போனா, எந்தக் கெழங்கைத் தோண்டலாம், எதைத் தொடக்கூடாதுன்னு சொன்னா. பதியே வெள்ளிக்கெழமைக்குக் காத்துக் கெடந்துச்சு. நான் போகலை. எங்க பேச்சை அடிச்சு நிறுத்துனவங்களை எனக்குப் புரிஞ்சுதுங்க, அம்மணி. பேசு பேசுன்னு சொல்றவங்களைத்தான் புரியலை. பேச்சையும் கொடுத்துட்டா அப்பறம் ஒளிச்சு வெக்கறதுக்கு எங்ககிட்ட என்ன இருக்கு?

அதோட விட்டாங்களா. பள்ளிக்கூடக் கமிட்டிக்கு நான்தான் தலைவியா இருக்கணும்னு வந்து நின்னாங்க. பெத்தவங்கள்ல ஒரு பொம்பளைதான் தலைவியா இருக்கணுமாம். எழுதப் படிக்கத் தெரிஞ்சவ ரெண்டு பேரு இருக்கறாளுக, அவளுகளை விட்டுட்டு நான் எதுக்குன்னு கேட்டேன்.

"மத்தவங்க நான் என்ன சொன்னாலும் சரிங்கறாங்கக்கா. நீங்க ஒருத்தர்தான் எதுக்குன்னு கேக்கறீங்க. எனக்கு அப்படி ஒருத்தர் வேணும்" அப்பிடின்னாங்க.

எதுக்குன்னு கேக்கறவளுக்கு ஒரு நாற்காலியப் போட்டா வாயை அடைச்சுரலாம்னு நெனைப்பு. எனக்குத் தெரியாதா? இருந்தாலும் ஒத்துக்கிட்டேன். பக்கத்துல இருந்தாத்தானே கவனிக்க முடியும்.

ஆகஸ்டு மாசம் கமிட்டிக் கூட்டம்னு போனேன். செவுத்துல ஒரு பெரிய காயிதம் ஒட்டியிருந்துச்சு. எம்மக சங்கவி வரைஞ்சதாம். எங்க பதி. ஓடை, பாலம், இருபத்திரெண்டு ஊடு, ஒவ்வொரு ஊட்டுக்கும் அவங்கவங்க நாய்கூட வரைஞ்சிருந்தா. மேல ஓரத்துல பச்சையில ஒரு துண்டு. கிட்டப் போய்ப் பார்த்தேன். அது எங்க ராகிக்காடு. பாரஸ்ட் எல்லைக்கல்லுக்கு அந்தப் பக்கம் இருக்குது. மூணு தலைமுறையா வெதைக்கறோம், ஆனா எந்தக் காயிதத்துலயும் இல்லை. காயிதத்துல இல்லாததாலதான் அது எங்ககிட்ட இருந்துச்சு. அதை எம்மக காயிதத்துல ஏத்திட்டா.

டீச்சருகிட்ட அதைக் கழட்டணும்னு சொன்னேன். ஏன், எதுக்குன்னு ஒரு வார்த்தை கேக்கலை. அப்பவே கழட்டி, மடிச்சு, எங்கையில கொடுத்துட்டாங்க. அத்தனை சுளுவாக் கொடுத்ததுதாங்க எனக்கு இடிச்சுது. இன்னொண்ணு எடுத்து வெச்சிருந்தாத்தான் ஒருத்தரு அப்பிடிக் கொடுக்க முடியும்.

அன்னிக்கே அடிவாரத்துக்கு எறங்கி சின்னராசு அண்ணங்கிட்டச் சொன்னேன். பஸ் ஸ்டாப்புல டீக்கடை வெச்சிருக்காரு பாருங்க, அவருதான். வேனும் ஓட்டறாரு. கீழ ஒரு டிரஸ்டுக்காரங்க நடத்தற ஆஸ்டல் பள்ளிக்கூடத்துக்குக் கொழந்தைகளைக் கூட்டிட்டுப் போறது அவரோட வேன்தான். நல்ல மனுசன். என்னைத் தங்கச்சின்னுதான் கூப்பிடுவாரு. எங்க பதியில யாருக்கு என்ன கஷ்டம்னாலும் உக்காத்தி வெச்சுக் கேப்பாரு. ராகிக்காடு எந்தப் பக்கம், எந்தத் தடத்துல ஏறணும், கதிரு வந்துருச்சான்னு வெவரமாக் கேட்டாரு. அக்கறை இருக்கறவங்கதானே அப்பிடிக் கேப்பாங்க? அவருக்குப் பழக்கமில்லாத ஆளில்லை. பாரஸ்ட் கார்டுங்க காலையில அவரு பெஞ்சுலதான் உக்காந்திருப்பாங்க.

ரெண்டே நாளு. கார்டு நேரா காட்டுக்கே வந்துட்டாரு. யாருகிட்டயும் வழி கேக்கலை. வேலியப் புடுங்கிப் போட்டு, கதிரு அறுத்ததோட சரி, அடுத்த வெதைப்புக்கு இங்க யாரும் கால் வெக்கக்கூடாதுன்னு சொல்லிட்டுப் போனாரு. இப்பச் சொல்லுங்க. டீச்சரு வந்தாங்க, எழுதுனாங்க, வரைய வெச்சாங்க, கார்டு வந்தாரு. வேற யாரு சொல்லியிருப்பாங்க?

எங்க ஊட்டுக்காரரு அதிகம் பேச மாட்டாரு. அன்னிக்கு, நீ டீக்கடையில சொல்லிட்டு வந்தியேன்னு ஒரே ஒரு வார்த்தை கேட்டாரு. ஒரு நல்ல மனுசனைச் சந்தேகப்படறதுக்கு எப்பிடி மனசு வருதுன்னு ரெண்டு நாள் அவருகிட்ட நான் பேசலை.

அந்தச் சனிக்கெழமை மங்கை டீச்சரு ஊட்டுக்கு வந்தாங்க. கார்டு வந்ததைக் கேள்விப்பட்டாங்களாம். மொகம் வாடிப் போயிருந்துச்சு. இந்த மாதிரிக் காட்டுக்கு உரிமை கேட்டு எழுதிக் கொடுக்கச் சட்டத்துல எடமிருக்குது, எத்தனை வருசமா வெதைக்கறீங்கன்னு சொன்னா நானே எழுதித் தர்றேன்னாங்க. காட்டையும் புடுங்க வெச்சுட்டு, மிச்சம் இருக்கறதையும் கேட்டு எழுதிக்க வந்துட்டாங்களேன்னு நெனைச்சேன். கால்ல சேறுன்னு கழுவறதுக்குப் பின்னால போனாங்க. பை தரையில கெடந்துச்சு. நோட்டு அதுக்கு மேல இருந்துச்சு. எடுத்துச் சாமைப் பானைக்குள்ள போட்டு மூடிட்டேன். அவங்க கவனிக்காமயே போயிட்டாங்க.

சங்கவி வந்ததும் நோட்டை அவ மடியில வெச்சு, ஒரு எழுத்து விடாமப் படிடின்னு சொன்னேன். படிச்சா. பொம்மன் மகளுக்கு மழை நாள்ல ஓடையத் தாண்ட முடியாது, நான் போய்க் கூட்டிட்டு வரணும். அவ தம்பிக்குக் கரும்பலகை சரியாத் தெரியலை, கண்ணு காட்டணும். சங்கவி நல்லாப் படிக்கறா, சத்தமாப் படிக்கக் கூச்சப்படறா, ஊட்டுல யாராவது உக்காந்து கேட்டா நல்லது. இப்பிடியே போச்சு. அப்பறம் என்னைப் பத்தி ஒரு பக்கம். அதை மட்டும் நான் மனப்பாடமா வெச்சிருக்கேன். 'நஞ்சியக்கா என்னை நம்பலை. காரணம் இருக்கும். அவசரப்படுத்தக் கூடாது. ஆஸ்டல்ல அவங்களுக்கு என்ன நடந்துச்சுன்னு நானாக் கேக்கக் கூடாது. அவங்களாச் சொன்னாத்தான்.'

ஒரு நோட்டு முழுக்க எழுதியிருக்குது, ஒரு கெட்ட வார்த்தைகூட இல்லைன்னா நம்ப முடியுதுங்களா, அம்மணி? விட்டுவிட்டுப் படிக்கறான்னு நெனைச்சேன். டீச்சரு மேல அத்தனை பாசம் அவளுக்கு. பொய் படிக்கறயாடின்னு கேட்டேன். அவ நோட்டை மூடி எங்கையில கொடுத்தா. அப்பறம் எந்திரிச்சுப் போயிட்டா. அதுக்கப்பறம் ஊட்டுல அவ சத்தமா எதையும் படிச்சதில்லை.

நான் நோட்டைத் தூக்கிட்டு சின்னராசு அண்ணங்கிட்டப் போனேன். கண்ணாடியப் போட்டுக்கிட்டு நாலு பக்கம் பொறட்டுனாரு. "தங்கச்சி, உங்க பதியோட சாதகமே இதுக்குள்ள இருக்குது. நல்லவேளை எங்கிட்டக் கொண்டாந்தே" அப்பிடின்னாரு. நோட்டு எங்கிட்டயே பத்திரமா இருக்கட்டும்னு கல்லாவுக்கு அடியில வெச்சுக்கிட்டாரு. கமிட்டித் தலைவி நீ, நீ சொன்னா ஆபீசுல கேப்பாங்கன்னு ஒரு வெள்ளைக் காயிதம் எடுத்து மடமடன்னு எழுதுனாரு. நீ சொன்னதைத்தான் எழுதியிருக்கேன்னாரு. மை டப்பாவும் அவரே வெச்சிருந்தாரு. கட்டை வெரலை வெச்சேன். படிச்சுக் காட்டுங்கன்னு கேக்கலைங்க. அண்ணன் மாதிரி ஒருத்தரு நமக்காக உக்காந்து எழுதறாரு, அதைப் படிச்சுக் காட்டுன்னா மரியாதையா இருக்குமா?

அக்டோபர்ல விசாரணைன்னு பள்ளிக்கூட ஆபீசுல இருந்து ஆபீசரு வந்தாரு. பள்ளிக்கூடத்துக்குள்ளயே நாற்காலி போட்டு உக்காந்தாரு. கொழந்தைகளை வெளிய அனுப்பிட்டாங்க. ஒரு பக்கம் நாங்க, ஒரு பக்கம் டீச்சரு. சின்னராசு அண்ணன் எனக்குப் பக்கத்துல. ஆபீசரு மனுவை எடுத்து வாசிச்சாரு. கொழந்தைகளைக் குச்சியில அடிக்கறாங்க, தன்னோட ரூம்புக்குத் தண்ணி தூக்க வெக்கறாங்க, எங்க ஆளுகளைக் கேவலமாப் பேசறாங்க, பயந்துக்கிட்டுக் கொழந்தைக பள்ளிக்கூடத்துக்கே வர மாட்டேங்குது. அதுல நோட்டைப் பத்தி ஒரு வார்த்தை இல்லை. ராகிக்காட்டைப் பத்தி ஒரு வார்த்தை இல்லை. நான் சொன்னது எதுவுமே அதுல இல்லை.

ராமி எந்திரிச்சா. அப்பிடியெல்லாம் ஒண்ணுமில்லைன்னு சொல்ல வாயெடுத்தா. ஆபீசரு, ரேகை வெச்சவங்க மட்டும் பேசுங்கன்னு உக்கார வெச்சுட்டாரு. டீச்சரு என்னைத் திரும்பிப் பார்த்தாங்க. கோவமில்லை. "நஞ்சியக்கா, இதை நீங்க சொன்னீங்களா?" அப்பிடின்னாங்க. அவ்வளவுதான் கேட்டாங்க.

ஆபீசரு காயிதத்தை எம்பக்கம் திருப்பிக் காட்டி, இது உங்க ரேகையான்னு கேட்டாரு.

"ரேகை என்னோடதுதாங்க" அப்பிடின்னேன்.

பாருங்க, அம்மணி, நான் பொய் சொல்லலை. டீச்சரு கேட்டதுக்கு நான் பதிலே சொல்லலை. ஆபீசரு கேட்டதுக்குத்தான் சொன்னேன். அவரு ரேகையைக் கேட்டாரு, ரேகை என்னோடது. இல்லைன்னு சொல்ல முடியுமா? அதுல எழுதியிருக்கறது நான் சொன்னதில்லைன்னு சொன்னா, அப்பறம் எதுக்கு வெச்சேன்னு கேப்பாங்க. படிக்கத் தெரியாம வெச்சேன்னு அத்தனை பேரு முன்னால சொல்லணும். பக்கத்துல அண்ணன் வேற. எனக்கு வாயில மறுக்கா யாரோ சாக்பீசை வெச்ச மாதிரி இருந்துச்சு. நீங்களா இருந்தா என்ன பண்ணியிருப்பீங்க? சரி, விடுங்க. நீங்க படிச்சவங்க.

ஒரு வாரத்துக்குள்ள டீச்சருக்கு மாத்தல் வந்துருச்சு. போறன்னிக்கு ஊடு ஊடாச் சொல்லிட்டு வந்தாங்க. எங்க ஊட்டுக்கும் வந்தாங்க, ஆனா உள்ள வரலை, வாசல்லயே நின்னாங்க. ஒரு நோட்டைக் காணோம்க்கா, கொழந்தைகளைப் பத்தி அதுலதான் எழுதி வெச்சிருந்தேன், அடுத்து வர்ற டீச்சருக்கு உதவும், கெடைச்சா அவங்ககிட்டக் கொடுத்துருங்கன்னாங்க. எனக்குத் தெரியாதுன்னேன். தலையாட்டிட்டு எறங்கிப் போயிட்டாங்க. தெரிஞ்சேதான் கேட்டாங்களோ என்னமோ. இன்னும் எனக்கு அதுல சந்தேகம் இருக்கு.

அடுத்து வர்ற டீச்சரு யாருமே வரலைங்க. ஒரு மாசம் பார்த்தோம். கொழந்தைக ஆடு மேய்க்கப் போச்சுக. அப்பத்தான் சின்னராசு அண்ணன் வேனோட பதிக்கே வந்து, ஆஸ்டல்ல எடம் வாங்கித் தர்றேன், சோறு போட்டுத் துணி கொடுப்பாங்கன்னு சொன்னாரு. அவரு வரலைன்னா எங்க கொழந்தைக கதி என்னாயிருக்கும்? பதினாறு கொழந்தைக ஏறுச்சு. கடைசியா சங்கவியும் ஏறுனா. போக மாட்டேன்னு அழுவான்னு நெனைச்சேன். அழவே இல்லை. என்னைத் திரும்பியும் பார்க்கலை. பொங்கலுக்கு முன்னால பள்ளிக்கூடத்தைப் பூட்டிட்டாங்க. படிக்க ஆளில்லையாம்.

இந்த ஆஸ்டல் எங்க காலத்து மாதிரி இல்லீங்க. மொட்டை போடறதில்லை. ரெட்டைச் சடை போட்டு விடறாங்க. பேரை மாத்தறதில்லை, நம்பரு கொடுத்திருக்காங்க. சங்கவி இருபத்தேழு. பெத்தவங்களை யாரும் எதுவும் கேக்கறதில்லை. ஊட்டுக்கு வர்றதில்லை. என்ன சாப்புடும், எதுக்குப் பயப்படும்னு யாரும் நோட்டுல எழுதறதில்லை. அவங்க யாரோ, நாங்க யாரோ. நான் கேட்ட மாதிரியேதான் இருக்குது. ஆனா வேலிக்கு இந்தப் பக்கம் நிக்கறப்ப, உள்ள இருக்கற டீச்சருங்கள்ல ஒருத்தியாவது வந்து, நீ யாரோட அம்மான்னு கேக்க மாட்டாளான்னு இருக்குதுங்க. ஏன் அப்பிடித் தோணுதுன்னு தெரியலை.

போன வாரம் நடந்ததைச் சொல்றேன். அதுக்குத்தான் இத்தனையும் சொன்னேன். சின்னராசு அண்ணன் கடைக்குக் கூப்பிட்டு, சங்கவி லெட்டரு கொடுத்து விட்டிருக்கான்னாரு. ஓரம் பிரிஞ்சிருந்துச்சு. அவரு படிச்சுப் பார்த்திருக்காரு. நமக்குப் படிக்கத் தெரியாதே, படிச்சுச் சொல்லலாம்னு பார்த்திருப்பாரு. ஆனா மொகம் கடுகடுன்னு இருந்துச்சு. "உம்புள்ள என்ன எழுதியிருக்குதுன்னே வெளங்கலை தங்கச்சி. ஆஸ்டல்ல தமிழ்கூட ஒழுங்காச் சொல்லித் தரலை போல" அப்பிடின்னாரு. எழுத்துக் கூட்டிப் படிங்கண்ணா, கேக்கறேன்னேன். படிச்சாரு. ஒவ்வொரு எழுத்தா, தட்டுத் தடுமாறி.

அம்மணி, அது எங்க பேச்சுங்க. எழுத்துத்தான் தமிழு. வெள்ளிக்கெழமை வகுப்புல அப்பிடி எழுதிப் பழகியிருக்கா. எங்க பேச்சுல பாதி உங்களுதை மாதிரியேதான் இருக்கும், கீழ இருக்கறவங்களுக்குக் கொஞ்சம் புரியும். அதனால எம்மக தேடித் தேடி, நாங்க காட்டுக்குள்ள மட்டும் பேசற வார்த்தையாப் போட்டிருக்கா. படிக்கறவருக்கு ஒண்ணும் ஓடலை. கேக்கற எனக்கு ஒண்ணு விடாமப் புரியுது. யாரு படிச்சாலும் ஏமாத்த முடியாது. பொய் படிக்கறயான்னு நான் யாரையும் கேக்க வேண்டியதில்லை. பத்து வயசுப் புள்ளைக்கு அந்த யோசனை எப்பிடி வந்துச்சுன்னு நெனைக்கறீங்க? நான் கேட்ட அந்த ஒரு கேள்வியில இருந்துதான் வந்திருக்கும்.

முதல் வரியே, அம்மா, இதைப் படிக்கறவருக்குப் புரியாது, நீ மொகத்தை மாத்தாதேன்னு இருந்துச்சு. நான் அப்பிடியே கல்லாட்டம் உக்காந்திருந்தேன். நோட்டுல இருந்ததை ஒண்ணு விடாமத்தான் படிச்சேன்னு எழுதியிருந்தா. விசாரணையன்னிக்கு நாங்க எல்லாரும் ஜன்னலுக்குக் கீழதான் உக்காந்திருந்தோம், டீச்சரு கேட்டதுக்கு நீ ஏம்மா பதில் சொல்லலைன்னு எழுதியிருந்தா. கடைசியில, அந்தப் பதிலைப் போய்ச் சொல்லு, நான் திரும்பி வந்து நம்ம பள்ளிக்கூடத்துல படிக்கணும்னு முடிச்சிருந்தா. நடுவுல அண்ணனைப் பத்தியும் ரெண்டு வரி இருந்துச்சு. அவரு வாயாலயே அதைப் படிச்சாரு. அது என்னன்னு உங்ககிட்டச் சொல்ல மாட்டேன். சின்னப் புள்ள, தெரியாம எழுதியிருப்பா. நான் இன்னும் அவரைத் தப்பாச் சொல்ல மாட்டேன். ஆனா அந்த நோட்டை ஒருக்காக் கொடுங்கண்ணான்னு கேட்டேன். அது எப்பவோ அடுப்புக்குப் போயிருச்சு தங்கச்சின்னு சிரிச்சுக்கிட்டே சொன்னாரு. பத்திரமா வெச்சிருக்கேன்னவரு அவருதானேன்னு அன்னையில இருந்து எனக்குத் தூக்கமில்லை.

அதுக்குத்தான் இன்னிக்குப் போறேன். பள்ளிக்கூட ஆபீசுக்கு. நான் தப்புப் பண்ணிட்டேன்னு போகலைங்க. ஒரு கேள்விக்குப் பதில் பாக்கியிருக்குது, அதைச் சொல்லிட்டு வரப் போறேன். டீச்சரு அடிக்கலை, தண்ணி தூக்க வெக்கலை. அந்த மனுவுல இருந்தது எதையும் நான் சொல்லலை. எனக்குப் படிக்கத் தெரியாது, தெரியாமத்தான் ரேகை வெச்சேன். இதையும் சொல்லணும். காலையில ஓடைக்கரையில நின்னு ரெண்டு தடவை சொல்லிப் பார்த்தேன், வந்துருச்சு.

ஆனா அதை அவங்க எழுதுவாங்க பாருங்க. எழுதிட்டு மை டப்பாவை நீட்டுவாங்க. நான் சொன்னதைத்தான் எழுதியிருக்காங்களான்னு எனக்கெப்பிடித் தெரியும்? எம்மகளைக் கூட்டி வரலாம்னா விட மாட்டாங்க. ராமிக்குப் படிக்கத் தெரியும், வர்றேன்னுதான் சொன்னா, இப்ப அவளுக்குக் காய்ச்சல். அதுதான் பஸ்ஸுல ஏறுனதுல இருந்து ஒவ்வொருத்தரு மொகமாப் பார்த்துக்கிட்டு வந்தேன். உங்க ஆஸ்பத்திரியும் அந்தத் தெருவுலதான் இருக்குதுன்னீங்களே. அரை மணி நேரம் கூட வர்றீங்களா? ஒண்ணும் பேச வேண்டாம். அவங்க எழுதி முடிச்சதும் வாங்கி, எனக்கு மெதுவாப் படிச்சுக் காட்டுனாப் போதும். சரியா இருந்தா ரேகை வெப்பேன்.

வர்றீங்களா. நெம்ப சந்தோசமுங்க.

ஆனா ஒண்ணு சொல்லிடறேன், கோவிச்சுக்காதீங்க. நீங்க படிச்சதும், வாசல்ல போறவங்க இன்னொருத்தரையும் கூப்பிட்டு மறுக்காப் படிக்கச் சொல்லுவேன். அதுக்கப்பறம்தான் வெரலை வெப்பேன்.